பழைய காரின் டைமிங்: வீட்டு வாசலில் எவ்வளவு செய்யலாம்?

மதுரையின் மேற்கு விளிம்பில், வைகையின் தென்கரையோரம் மேலக்கால் சாலையில் போனால் வருவது கோச்சடை. முத்தையா சுவாமி கோயிலால் அறியப்பட்ட ஊர். ஃபென்னர் ஆலையில் வி-பெல்ட் செய்யும் ஊர் என்று மோட்டார் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இன்று நகரத்தோடு ஒட்டிப்போன குடியிருப்புப் பகுதி. இப்படிப்பட்ட பகுதிகளில் ஏதோ ஒரு போர்டிகோவில், தார்ப்பாய் போர்த்திய அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ இன்னும் நிற்கிறது. அப்பா வாங்கிய வண்டி, விற்க மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்து ஓட்டினால் உடனே புகார் வருகிறது. பிக்கப் இல்லை, மேட்டில் நாக் அடிக்கிறது, ரேடியேட்டர் கொதிக்கிறது, சாவியை எடுத்த பிறகும் என்ஜின் நாலு உதறு உதறிவிட்டுத்தான் நிற்கிறது. இத்தனைக்கும் ஒரே மருந்தாகச் சொல்லப்படுவது, “டைமிங்கைப் பாருங்கள்.”

அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா? கேட்டால் பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக வருகின்றன. பைபாஸ் ரோட்டுப் பக்கத்துப் பட்டறையில், “புத்தகத்துல போட்டிருக்கிறதெல்லாம் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்குண்ணே, காதுல கேட்டு வெச்சாத்தான் வண்டி ஓடும்” என்பார்கள். கையேடு டிகிரிக் கணக்குச் சொல்லும். டைமிங் லைட் வைத்திருப்பவர் லைட் இல்லாமல் தொடவே கூடாது என்பார். இளைஞர்களோ, இதெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வேலை என்று நகர்ந்துவிடுவார்கள். இந்தப் பதில்கள் ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. எது எந்த இடத்தில் உண்மை என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் வீட்டில் ஸ்பேனரை எடுக்கலாமா என்று முடிவு செய்ய முடியும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய பெட்ரோல் காரில் இது வீட்டில் செய்யத்தக்க வேலைதான். பட்டறை அவசரத்தில் செய்வதைவிட நன்றாகவே செய்யலாம். ஆனால் வரிசை தவறக் கூடாது.

பொறி விழும் நேரம் என்பது என்ன? பிஸ்டன் கலவையை அமுக்கிக்கொண்டு மேலே வருகிறது. அது டாப்பைத் தொட்ட பிறகு பொறி விழுந்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் கலவை ஒரே கணத்தில் வெடித்து முடிவதில்லை. பிளக்கின் முனையில் பற்றிய தீ அறை முழுக்கப் பரவச் சில மில்லி விநாடிகள் ஆகின்றன. என்ஜின் 3000 சுற்றில் ஓடும்போது கிராங்க் ஒரு மில்லி விநாடிக்கு 18 டிகிரி திரும்புகிறது. எரிதலின் உச்ச அழுத்தம் பிஸ்டன் டாப்பைத் தாண்டிச் சுமார் 15 டிகிரியில் இருக்கும்போது வந்தால்தான் அந்தத் தள்ளல் முழுவதும் கிராங்கைச் சுழற்றப் போகும். எனவே பொறி பிஸ்டன் டாப்புக்கு வருவதற்கு முன்பே விழ வேண்டும். இதுதான் அட்வான்ஸ். 700 சுற்றில் ஐடிலில் நிற்கும்போது அதே மில்லி விநாடியில் கிராங்க் 4 டிகிரிதான் திரும்பும். அங்கே சில டிகிரி அட்வான்ஸே போதும். வேகம் கூடக் கூட அட்வான்ஸும் கூட வேண்டும்.

மோட்டார் யுகத்தின் தொடக்கத்தில் இந்தக் கூட்டல் குறைச்சலை ஓட்டுநரே கையால் செய்தார். ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே அதற்கென்று ஒரு லீவர் இருந்தது. பொறியைப் பின்னால் தள்ளி வைக்க மறந்து ஹேண்டில் சுற்றினால், என்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்துக் கையை உடைத்துவிடும். பின்னாளில் இந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வைத்தார்கள். பட்டறையில் சிலர் டெல்கோ என்று சொல்வது இதைத்தான். தண்டில் இரண்டு சிறு வெயிட்டுகள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். வேகம் கூடினால் வெயிட்டுகள் விரிந்து பொறியை முன்னால் கொண்டுவரும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் தட்டு போன்ற வேக்குவம் யூனிட் இன்னொரு கணக்கைப் பார்த்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் சமதளத்தில் போகும்போது சிலிண்டருக்குள் கலவை மெலிந்து இருக்கும், மெதுவாக எரியும். அப்போது இன்னும் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுக்கும். முழுதாக மிதித்தால் அதை எடுத்துவிடும். இந்தியாவில் இந்த உறுப்பைப் பெருமளவில் செய்தது சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ். வீட்டில் நாம் ‘டைமிங் வைப்பது’ என்று செய்வது இந்த ஏற்பாட்டின் தொடக்கப் புள்ளியை மட்டுமே. மீதி இரண்டு கணக்கும் தாமாக நடக்க வேண்டும். அவை பழுதாக இருந்தால் தொடக்கப் புள்ளியை எங்கே வைத்தாலும் வண்டி சரியாகாது. வீட்டில் டைமிங் வைத்துத் தோற்றவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் தோற்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

டைமிங்கின் சரியான அளவைத் தீர்மானிப்பது என்ஜின் மட்டுமல்ல, எரிபொருளும்தான். இதற்கு மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொடங்கிய நிறுவனம், மதுரையை மையமாகக் கொண்டு பஸ்களை ஓட்டி வந்தது. வண்டிகள் நின்றுவிடாமல் இருக்க, கரியை எரித்து வாயு உண்டாக்கும் கேஸ் பிளாண்டை அந்நிறுவனம் தானே வடிவமைத்துச் செய்தது. கரி வாயுவில் எரியக்கூடியவை கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும். ஏறத்தாழ பாதி, எரியாத நைட்ரஜன். அது பெட்ரோலைவிட மெதுவாக எரியும், நாக்கும் எளிதில் அடிக்காது. ஆகவே பெட்ரோலுக்கு வைத்த டைமிங்கிலேயே கரி வாயுவை விட்டால் பிஸ்டன் பாதி தூரம் கீழே போன பிறகும் தீ எரிந்துகொண்டிருக்கும். பொறியை நன்றாக முன்னால் தள்ளினால்தான் இருக்கிற சக்தியாவது கிடைக்கும். அப்போதும் பெட்ரோலில் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். எரிபொருள் மாறினால் டைமிங் மாறும் என்பது இந்த ஊர் பஸ் தொழிலுக்கு எண்பது ஆண்டுக்கு முந்தைய பாடம்.

இதே கேள்வி இப்போது வேறு உருவில் வந்திருக்கிறது. அம்பாசிடரின் 1489 சிசி என்ஜினும் பத்மினியின் 1089 சிசி என்ஜினும் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. நாடு முழுவதும் ஈயம் நீங்கியது 2000 பிப்ரவரியில். 2023-ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது. இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் அதுதான். எத்தனாலின் ஆக்டேன் எண் 100-க்கு மேல், எனவே நாக்கைத் தாங்கும் சக்தி கூடியிருக்கிறது. இதைக் கேட்டதும் சிலர் டைமிங்கை நாலு டிகிரி முன்னால் தள்ளி லாபம் பார்க்கலாம் என்கிறார்கள். அவசரம் வேண்டாம். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பழைய கார்புரேட்டரின் ஜெட் ஒரே அளவுதான், தானாக மாறிக்கொள்ளாது. அதனால் கலவை மெலிந்துபோகிறது. மெலிந்த கலவையில் வண்டி இழுக்காது, திணறும், கார்புரேட்டர் வழியே ‘படக்’ என்று பேக் ஃபயர் அடிக்கும். இவை அத்தனையும் டைமிங் பின்னால் போனதன் அறிகுறிகள் போலவே தெரியும். இங்கே டைமிங்கைத் தொடுவது நோயை விட்டு வேறொன்றுக்கு மருந்து கொடுப்பதாகும். முதலில் ஜெட்டும் மிக்சரும், எத்தனால் தாங்கும் ரப்பர் ஹோஸும். டைமிங் அதற்குப் பிறகு.

டீசல் அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலை இல்லை. அங்கே பொறியே கிடையாது. பம்ப் டைமிங் என்பது தனி வித்தை, வீட்டில் தொடக்கூடியதல்ல.

இப்போது வேலைக்கு வருவோம். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல். கியர் நியூட்ரலில்.

டைமிங்குக்கு முன் பாயிண்ட் கேப், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளி. இந்த வரிசைதான் எல்லாவற்றிலும் முக்கியம். சிபி பாயிண்ட் திறக்கும் கணத்தில்தான் காயிலிலிருந்து பொறி கிளம்புகிறது. கேப் அதிகமானால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னால் போகும். கேப் குறைந்தால் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்னால் போகும். அதாவது கேப்பை மாற்றினாலே டைமிங் மாறிவிடும். டைமிங்கை மாற்றினால் கேப் மாறாது. டைமிங் வைத்துவிட்டு அப்புறம் கேப்பைத் தொட்டவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பழைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் கேப் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கேமின் மேட்டில் பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு போய் வர வேண்டும். பாயிண்டின் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால் கேஜ் மேட்டைத்தான் அளக்கும், பொய் சொல்லும். அப்படிப்பட்ட பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பதைவிட மாற்றிவிடுவது மேல். குழி அடிக்கடி விழுந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். கேமில் ஒரு பொட்டுக் கிரீஸ் தடவ மறக்கக் கூடாது. அது காய்ந்தால் கேமில் உரசும் ஃபைபர் துண்டு தேயும், கேப் நாளுக்கு நாள் சுருங்கும், டைமிங் யாரும் தொடாமலே பின்னால் போய்க்கொண்டிருக்கும். நன்றாக ஓடிய வண்டி மெல்ல மெல்ல மந்தமாவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். இன்று கடையில் கிடைக்கும் புதுப் பாயிண்டுகளில் சிலவற்றில் இந்தத் துண்டு மென்மையாக இருக்கிறது. புதிது போட்ட சில நூறு கிலோமீட்டரிலேயே ஒருமுறை கேப்பைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது பல்பு. ஒரு 12 வோல்ட் பல்பு, இரண்டு துண்டு வயர், இரண்டு கிளிப்; இதற்குமேல் கருவி வேண்டாம். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு இன்னொருவரை ஹேண்டிலால் என்ஜினைச் சுற்றச் சொல்ல வேண்டும். அம்பாசிடரில் ஹேண்டில் போடும் வசதி இருப்பது பெரிய உதவி. ஹேண்டில் இல்லாத வண்டியில் டாப் கியர் போட்டு வண்டியையே மெதுவாக முன்னால் தள்ளலாம். அப்போது மட்டும் செங்கலும் ஹேண்ட் பிரேக்கும் விலகும், வேலை முடிந்ததும் திரும்பி வரும். காற்று விரலைத் தள்ளும்போது அந்தப் பிஸ்டன் கம்ப்ரெஷனில் மேலே வருகிறது. இப்போது முன்பக்கப் புல்லியில் உள்ள வெட்டைப் பார்க்க வேண்டும். அம்பாசிடர் என்ஜினின் டைமிங் கவரில் கூரான பற்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நீளமானது டாப், மற்றவை 5-ம் 10-ம். வெட்டு, கையேடு சொல்லும் டிகிரிக்கு எதிரே வரும்வரை சுற்றி நிறுத்த வேண்டும். கொஞ்சம் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பிச் சேர்க்கக் கூடாது. நன்றாகப் பின்னால் கொண்டுபோய் மறுபடி முன்னோக்கியே வந்து நிறுத்த வேண்டும். இல்லையென்றால் செயினிலும் கியரிலும் உள்ள ஆட்டம் கணக்கைக் கெடுக்கும்.

காயிலின் நடு வயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து பிடுங்கி என்ஜின் இரும்பில் எர்த் செய்துவிட வேண்டும். ஹேண்டிலை வெளியே எடுத்துவிட வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் சாவியைத் திருப்பக் கூடாது. பல்பின் ஒரு முனை காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் டெர்மினலில், மறு முனை எர்த்தில். சாவியை ஆன் செய்தால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது. மின்சாரம் பாயிண்ட் வழியாகவே எர்த்துக்குப் போய்விடும். டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் உள்ள கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, உடலைக் கையால் மெல்லத் திருப்ப வேண்டும். ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ். அதே திசையில் திருப்பினால் ரிட்டார்ட். முதலில் ரிட்டார்ட் பக்கம் போய்ப் பல்பு அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, எதிர்த்திசையில் ஒரு மயிரிழை ஒரு மயிரிழையாக வர வேண்டும். பல்பு பளிச்சென்று எரியும் கணம்தான் பாயிண்ட் திறக்கும் கணம். அங்கேயே கையை அசைக்காமல் போல்ட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது உடல் கொஞ்சம் நகரும், நகர்ந்தே தீரும். ஆகவே இறுக்கிய பிறகு என்ஜினை இரண்டு முழுச் சுற்று சுற்றி அதே இடத்தில் பல்பு எரிகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். சாவியை ஆனில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகக் கூடாது. பாயிண்ட் மூடிய நிலையில் காயில் சூடேறிக் கெடும். பழைய சில வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். பல்புக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆனால் டைமிங் லைட்டின் கிளிப்பை மாட்டும்போது கவனம் வேண்டும்.

இந்தப் பல்பு முறையை மட்டமானது என்று நினைக்க வேண்டியதில்லை. பொறுமையாகச் செய்தால் ஒரு டிகிரிக்குள் நிற்கும். அதன் குறை வேறு: நிற்கிற என்ஜினைத்தான் அது அளக்கிறது. ஓடுகிற என்ஜினில் என்ன நடக்கிறது என்று காட்டுவது டைமிங் லைட். அதன் கிளாம்பை முதல் பிளக் வயரில் மாட்டினால், அந்தப் பிளக்கில் பொறி விழும் ஒவ்வொரு முறையும் லைட் மின்னும். புல்லி வேகமாகச் சுழன்றாலும் அதன் வெட்டு அந்த வெளிச்சத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். வெட்டில் முன்கூட்டியே ஒரு கோடு சாக்பீஸ் பூசி வைத்தால் கண்ணுக்கு எளிது. வேக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, என்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலைக் குறைவாக வைத்துப் பார்க்க வேண்டும். ஐடில் அதிகமாக இருந்தால் வெயிட்டுகள் ஏற்கெனவே விரிந்து கணக்கு தப்பும்.

லைட்டின் உண்மையான பயன் அதற்கு அடுத்துத்தான் தொடங்குகிறது. ஆக்சிலரேட்டரை மெல்லக் கூட்டினால் கோடு சீராக நகர்ந்து போக வேண்டும். நகரவே இல்லை என்றால் வெயிட்டுகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. தொட்டதுமே தாவினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஒரே வேகத்தில் கோடு இங்கும் அங்கும் நடுங்கினால் தண்டின் புஷ் தேய்ந்துவிட்டது. வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பார்த்தால் உள்ளே தட்டு நகர்வதைக் காணலாம். காற்று தடையில்லாமல் வந்துகொண்டே இருந்தால் டயஃபிரம் கிழிந்திருக்கிறது. கையேடுகளில் வெயிட்டின் அளவு சில சமயம் டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரியில் கொடுக்கப்பட்டிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், புல்லியில் பார்க்கும்போது அதை இரண்டால் பெருக்க வேண்டும். இதைத் தவறவிட்டு நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

புல்லியின் குறியையே நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. என்ஜின் கை மாறி, புல்லியோ கவரோ வேறொரு வண்டியிலிருந்து வந்திருந்தால் குறி பொய்யாக இருக்கலாம். உறுதி செய்ய வழி உண்டு. பழைய பிளக் ஒன்றின் உள்ளீட்டை எடுத்துவிட்டு, மழுங்கலான ஒரு தடுப்புப் போல்ட் வைத்து, முதல் சிலிண்டரில் திருகிவிட வேண்டும். எல்லாப் பிளக்கையும் கழற்றிய என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் தடுப்பில் முட்டி நிற்கும். அங்கே புல்லியில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றி மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்ட நடுவே இருப்பதுதான் உண்மையான டாப். ஸ்டார்ட்டரை மட்டும் இதில் தொடக் கூடாது, பிஸ்டன் உடையும். டிகிரிக் குறிகளும் இல்லாத புல்லி என்றால் நூலால் சுற்றளவை அளந்து 360-ஆல் வகுக்கலாம். குறுக்களவு 130 மில்லிமீட்டர் புல்லியில் ஒரு டிகிரி என்பது 1.1 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும்.

இனி காதுக்கு வருவோம். காதால் வைப்பவர் செய்வது இது: வண்டி ஐடிலில் ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டரை அட்வான்ஸ் பக்கம் திருப்புவார். சுற்று கூடும். மிக அதிகமாகக் கூடும் இடம்வரை போய்க் கொஞ்சம் பின்வாங்கி இறுக்குவார். வண்டி துடிப்பாக இருப்பதுபோலத் தெரியும், உரிமையாளரும் மகிழ்வார். சிக்கல் எங்கே என்றால், ஐடிலில் சுமை கிடையாது. சுமையில்லாத என்ஜின் 20 டிகிரியைக்கூட விரும்பி ஏற்கும். ஆனால் சாலையில் வேகம் பிடிக்கும்போது வெயிட்டுகள் இன்னொரு 20, 25 டிகிரியைச் சேர்க்கும். மொத்தம் 40, 45. அங்கே பிளக்கின் தீ போய்ச் சேருமுன், மூலையில் இருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானே வெடிக்கிறது. கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போன்ற அந்தச் சத்தம்தான் நாக். குறைந்த வேகத்தில் அது காதில் விழும். 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் டயரும் போடும் இரைச்சலில் விழாது; பிஸ்டனின் தலை மட்டும் உள்ளே வெந்துகொண்டிருக்கும். ஐடிலில் காதை நம்புவதை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் சாலையில் காதுக்கு ஈடான கருவி இல்லை. பல்பிலோ லைட்டிலோ டைமிங் வைத்த பிறகு, போக்குவரத்து குறைந்த நேரத்தில் தேனி சாலையில் எடுத்துப் போய், டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக் கேட்க வேண்டும். லேசாக ஒரு நொடி நாக் கேட்டு மறைவது சரியான டைமிங்கின் அடையாளம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். குளிர்ந்த நாட்டில் அது சரி. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் மதுரையில், பானெட்டுக்குள் உறிஞ்சப்படும் காற்று இன்னும் சூடு. சூடான காற்று நாக்கைக் கூட்டும். கார்த்திகையில் சத்தமே போடாத டைமிங் சித்திரையில் சத்தம் போடும். இந்த ஊரில் சத்தமே கேட்காத இடத்தில், அதாவது கையேட்டு அளவிலிருந்து ஒன்றிரண்டு டிகிரி பின்னால் நிறுத்துவதே சரி என்பேன். அதற்காக ஐந்து, ஆறு டிகிரி பின்னால் போய்விடக் கூடாது. பின்தங்கிய பொறியில் தீ எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டியும் எரியும். வால்வு கருகும், ரேடியேட்டர் கொதிக்கும், மைலேஜ் விழும். ஐடில் நிற்காமல் போவதால் திராட்டிலை அதிகம் திறந்து வைப்பார்கள், அதனால்தான் சாவியை எடுத்த பிறகும் வண்டி உதறிக்கொண்டு ஓடும். கொதிக்கும் வண்டிக்கு டைமிங்கை இன்னும் பின்னால் தள்ளுகிற பட்டறைப் பழக்கம் நோயைக் கூட்டுவதாகும்.

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 100 மீட்டர், கொடைக்கானல் 2100 மீட்டர். மேலே காற்று மெலிவதால் நாக் குறையும், கொஞ்சம் அட்வான்ஸ் கூட்டினால் இழுவை கிடைக்கும். அதற்காகப் போகும் வழியில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பாதீர்கள். ஏற்றத்தின் அடிவாரத்தில்தான் சுமையும் சூடும் சேர்ந்து நாக் உச்சத்தில் இருக்கும். டைமிங் அந்த இடத்துக்குத்தான் பொருந்தி இருக்க வேண்டும். தாழ்ந்த கியரில் ஏறுங்கள், அது போதும்.

ஓடுகிற என்ஜினுக்கு முன்னால் குனிந்து லைட் பிடிக்கும் வேலையில் ஆபத்து உண்டு. அந்த வெளிச்சத்தில் ஃபேனும் பெல்ட்டும்கூட நிற்பதுபோலத் தெரியும், நிற்கவில்லை. லுங்கி, வேட்டி, துண்டு, தளர்ந்த முழுக்கை எதுவும் அருகில் வரக் கூடாது. லைட்டின் வயரும்தான். பிளக் வயரில் ஓடுவது இருபதாயிரம் வோல்ட்டை எட்டும். ஷட்டர் போட்ட கராஜுக்குள் என்ஜினை ஓட விடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது.

பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தினமும் ஓடும் வண்டிக்குப் போடலாம். தேய்வதற்கு ஒன்றும் இல்லாததால் டைமிங் நகராது. பல்பு முறை அதில் செல்லாது, டைமிங் லைட்டே வேண்டும். வாரம் ஒருமுறை ஓடும் வண்டிக்குப் பாயிண்டே நல்லது என்பது என் எண்ணம். நடுவழியில் நின்றால் ஒரு திருப்புளியும் நகம்வெட்டியின் அரமும் வைத்து வீடு வந்து சேரலாம். மாட்யூல் போனால் போனதுதான்.

புதிய கார்களில் திருப்புவதற்கு எதுவுமே இல்லை. கிராங்கின் நிலையைச் சென்சார் சொல்கிறது, நாக் சென்சார் பிளாக்கின் அதிர்வைக் கேட்கிறது, கம்ப்யூட்டர் ஒவ்வொரு பொறியின் நேரத்தையும் கணக்கிடுகிறது. ஓபிடி கருவியை மாட்டினால் அட்வான்ஸ் எத்தனை டிகிரி என்று போனில் பார்க்கலாம், மாற்ற முடியாது. இடைக்காலத்தில், 90-களின் இறுதியில், பெட்ரோல் இன்ஜெக்ஷனும் டிஸ்ட்ரிபியூட்டரும் சேர்ந்து வந்த சில கார்கள் உண்டு. அவற்றில் தொடக்க டைமிங்கைப் பார்க்க முதலில் கம்ப்யூட்டரைத் தலையிடாமல் நிறுத்த, குறிப்பிட்ட கனெக்டரை இணைக்க வேண்டும். அது தெரியாமல் திருப்பியவர் எந்த அளவையும் வைத்ததாகாது.

பழைய வண்டிக்காரருக்கு வீட்டில் முடியாத ஒரே பகுதி, தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரின் புஷ். தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் கைக்கே தெரிந்துவிடும். ஆட்டம் இருந்தால் பாயிண்ட் கேப் ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும். அன்றைக்குப் பல்பு, லைட், காது எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட வேண்டியதுதான். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும் முன் ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது, உடல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்து, ஒரு கீறலும் போட்டுக்கொண்டு, கழற்றி ஒரு நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் வெண்கலப் புஷ் கடைந்து போடச் சொல்ல வேண்டும். தண்டே தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் பாயிண்ட் கேப்பிலிருந்து ஆரம்பிக்கலாம்.